தன் குடியில் தொடங்கிய பேருரை

நண்பகல் சாய்ந்த நேரம். மக்காவுக்குக் கிழக்கே, அரஃபாத்தை ஒட்டிய பள்ளத்தாக்கு. கி. பி. 632, மார்ச்சுத் திங்கள். கஸ்வா என்னும் பெண் ஒட்டகத்தின் மீது அறுபதைக் கடந்த ஒருவர் அமர்ந்திருக்கிறார். சுற்றிலும் பல்லாயிரவர். மேடை இல்லை, மாலை இல்லை, ஒலிபெருக்கி தோன்றாத காலம். அவர் ஒரு தொடர் சொல்கிறார், நிறுத்துகிறார். உரத்த குரலுடைய ஒருவர் அந்தத் தொடரை வாங்கி, கூட்டத்தின் கடைக்கோடிக்கும் எட்டுமாறு திருப்பி முழங்குகிறார். பிறகு அடுத்த தொடர், அடுத்த முழக்கம்.

அண்ணல் நபிகள் நாயகத்தின் இறுதி ஹஜ்ஜுப் பேருரை அது. அதன்பின் ஏறத்தாழ மூன்று திங்களே அவர் வாழ்ந்தார்.

திருப்பி முழங்கியவர் யார்? உமையாவின் மகன் ரபீஆ என்று, 8ஆம் நூற்றாண்டில் நாயகத்தின் வரலாற்றைத் தொகுத்த இப்னு இசுஹாக் குறிக்கிறார். யார் அந்த உமையா? பிலால் என்னும் கறுப்பு அடிமையைச் சுடுமணலில் கிடத்தி, அவர் நெஞ்சின்மேல் பாறையை ஏற்றி வதைத்த செல்வன்! தந்தை ஏற்றியது பாறை. மகன் ஏந்தியது மாந்தர்க்கு விடுதலை கூறும் உரை. வரலாறு சில வேளைகளில் எந்தப் புலவனும் எண்ணாத முரணைத் தானே தொடுத்துவிடுகிறது.

இந்த உரையை நாம் ஆராயப் புகுந்ததற்கு ஒரு சிறுவன் காரணம். நம் பள்ளியில் பேச்சுப் போட்டி. மாணவன் ஒருவனுக்கு இப்பேருரையின் தமிழாக்கத்தை ஒரு துண்டு வெளியீட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். மனப்பாடம் செய்தான். வெள்ளையனுக்குக் கறுப்பனைவிட உயர்வில்லை என்னும் இடம் வந்ததும் நின்றான். "ஐயா, அந்தக் காலத்து அரபு நாட்டில் வெள்ளைக்காரர்கள் இருந்தார்களா?" என்று கேட்டான். நமக்கு விடை தெரியவில்லை. ஆசிரியரின் நாற்காலி அன்று சிறிது சுட்டது. அரபு கற்ற ஆலிம் பெருந்தகை ஒருவரின் துணையை நாடினோம். அவரோடு அமர்ந்து, சொல் சொல்லாகப் பார்த்தோம். கண்டவற்றை இங்கே வைக்கிறோம்.

ஓர் உரையா, பல உரைகளா?

முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். துண்டு வெளியீடுகளில் ஒரே மூச்சில் பேசியதுபோல் காணப்படும் உரை, உண்மையில் பல இடங்களில் நிகழ்ந்த பேச்சுகளின் தொகுப்பு. அரஃபாத்தில் பேசியதை ஜாபிர் என்னும் தோழர் விரிவாக அறிவித்தார்; அது முஸ்லிம் என்னும் அறிஞரின் தொகுப்பில் உள்ளது. மறுநாள் மினாவில் பேசியதை அபூ பக்ரா என்பவர் அறிவித்தார். அது புகாரியின் தொகுப்பில் உள்ளது. நிறமும் இனமும் உயர்வு தாரா என்ற பகுதி, ஹஜ்ஜை அடுத்த நாள்களில் சொல்லப்பட்டதாக அகமது இப்னு ஹன்பலின் தொகுப்பில் இருக்கிறது. இம்மூவரும் 9ஆம் நூற்றாண்டினர். இதைச் சொல்வதால் உரையின் பெருமை குறைந்துவிடாது. மாலையில் உள்ள மலர்கள் வெவ்வேறு செடிகளில் பூத்தவை என்று அறிந்தால் மணம் போய்விடுமா? ஆனால், எந்த மலர் எந்தச் செடியினது என்று அறியாதவன் தோட்டத்தைப் பற்றிப் பேச முடியாது.

குறிசொல்வோரின் நடை அன்று

அக்கால அரபு நாட்டில் அடுக்குமொழிக்குப் பஞ்சமில்லை. காஹின் எனப்பட்ட குறிசொல்வோர் எதுகை ஒலிக்கும் உரைநடையில் பேசுவர். 'சஜ்உ' என்று அதற்குப் பெயர். தொடர்தோறும் முடிவில் ஓர் ஓசை, கேட்போர் மயங்குவர், பொருள் என்னவென்று கேட்க மறப்பர். நாயகம் இந்த நடையை விரும்பவில்லை. ஒரு வழக்கில் இழப்பீட்டைத் தட்டிக்கழிக்க ஒருவன் எதுகையோடு வாதிட்டபோது, குறிசொல்வோரின் பேச்சுப் போன்றது இது என்று கடிந்தார் எனத் தொகுப்புகள் கூறுகின்றன. நியாயத்தை ஓசையால் மூடுவதை அவர் ஏற்கவில்லை என்பது இதனால் விளங்கும்.

பேருரையின் தொடர்கள் அதனால்தான் குறுகியவை; நேரானவை. ஒருவர் சொல்ல, இன்னொருவர் திருப்பிச் சொல்ல, கடைசி மனிதனையும் எட்டவேண்டும் என்ற தேவையும் அதற்குக் காரணமாகலாம். நீண்ட தொடர் வழியில் உடைந்துவிடும், குறுந்தொடர் உடையாது. எளிமை இங்கே அணியன்று. கடைசி வரிசையில் நிற்பவனுக்குச் செய்த மரியாதை.

தெரிந்ததைக் கேட்ட கேள்வி

மினாவில் அவர் மூன்று கேள்விகள் கேட்கிறார். இது எந்த நாள்? இது எந்தத் திங்கள்? இது எந்த ஊர்? கூடியிருந்தோர் அனைவர்க்கும் விடை தெரியும். அந்த நாளுக்காகவும் அந்த ஊருக்காகவும் அன்றோ பாலை கடந்து வந்தார்கள்! ஆயினும் எவரும் வாய் திறக்கவில்லை. வேறு பெயர் சூட்டப் போகிறாரோ என எண்ணினோம் என்கிறார் அபூ பக்ரா. ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும் அமைதி. அந்த அமைதியில், பழகிப்போன நாளும் திங்களும் ஊரும் புதியனவாக மாறுகின்றன.

அதன் பிறகே கருத்து வருகிறது. இந்த நாளும் இந்தத் திங்களும் இந்த ஊரும் எவ்வளவு புனிதமோ, அவ்வளவு புனிதம் உங்கள் உயிரும் உடைமையும் மானமும் என்கிறார்.

உவமையின் வேலை என்ன? தெரிந்ததைக் கொண்டு தெரியாததை விளக்குவது. மக்காவின் எல்லைக்குள் வேட்டையாடல் ஆகாது, புனிதத் திங்களில் போர் ஆகாது என்பது அந்த மக்களுக்குத் தெரியும். தெரியாதது எது? பக்கத்தில் நிற்கும் மனிதனின் குருதி விலைமதிப்பற்றது என்பது! இடத்திலும் காலத்திலும் அவர்கள் கண்ட புனிதத்தைச் சாதாரண மனிதனின் உடலுக்கும் பொருளுக்கும் மானத்துக்கும் விரிக்கிறார். ஒருநாள் முடியும், திங்கள் தேயும், ஊரைவிட்டுப் பயணிகள் புறப்படுவர். ஆனால் மனிதன் எங்கே சென்றாலும் தன் புனிதத்தைத் தன்னோடு கொண்டு செல்வான். இந்த ஓர் உவமையில் ஓர் அறநூலே அடங்கியிருக்கிறது.

காலடியில் முதலில் வைத்தது எது?

அரஃபாத் உரையின் உயிர்நிலைக்கு வருவோம். அறியாமைக் காலத்து வழக்கங்கள் யாவும் தம் காலடியில் வைக்கப்பட்டன என்கிறார் நாயகம். 'மவ்ளூஃ' என்பது அவர் ஆண்ட சொல். வைத்தல், கீழே இறக்குதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது அது. ஒழித்தேன், அழித்தேன், நொறுக்கினேன் என்றெல்லாம் முழங்கவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தோளில் சுமந்த பழியையும் கடனையும் கீழே இறக்கி வைக்கச் சொல்கிறார். வெற்றி பெற்றவனின் சொல் அன்று இது. சுமை இறக்குபவனின் சொல்.

அடுத்த தொடர்தான் நம்மை நிறுத்தி வைத்தது. குருதிப்பழிகள் ஒழிந்தன என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அவர் போகவில்லை. தாம் முதலில் கைவிடுவது தம் குடிக்கு வரவேண்டிய பழி என்கிறார். அவருடைய பெரிய தந்தை ஹாரிஸின் பேரக் குழந்தை ஒன்று. வேறொரு குலத்தாரிடம் பால் குடித்து வளர்ந்து வந்தபோது, ஹுதைல் குலத்தாரால் கொல்லப்பட்டது. அந்தப் பழி தீராமல் இருந்தது. அதைத் தீர்க்கும் வலிமை அன்று அவர் கையில் இருந்தது. அரபு நாடே அவர் பின்னால் நின்றது. அந்த நேரத்தில், பழி வேண்டாம் என்கிறார்.

வட்டிக்கும் அவ்வாறே. முதலில் தள்ளுபடியாவது அப்பாஸின் வட்டி என்கிறார். அப்பாஸ் யார்? அவருடைய சிறிய தந்தை! கூட்டத்தில் கடன்பட்டோரும் இருந்திருப்பர். கடன் கொடுத்தோரும் இருந்திருப்பர். பெரியவர் வீட்டு வட்டி முதலில் விழுந்தபின், 'எங்கள் வட்டி மட்டும் ஏன்?' என்று கேட்க எவனுக்கு நா எழும்?

பேச்சுக்கலையை ஆராய்ந்தோர், பேசுவோனின் தகுதியே முதல் வாதம் என்பர். அந்தத் தகுதியை நாயகம் தம்மைப் புகழ்ந்து நிலைநாட்டவில்லை. தம் குடியின் இழப்பைக் காட்டி நிலைநாட்டினார். முதலில் தனக்கு நட்டம், பிறகு ஊருக்குச் சட்டம்! இந்த வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் பிறருடைய வட்டி, பிறகு அப்பாஸின் வட்டி என்று வைத்தால், சொற்கள் அவையே இருக்கும், உரை இறந்துவிடும்.

வட்டியைப் பற்றிய பகுதியில் இன்னொரு நயம். கொடுத்த முதல் உங்களுக்குரியது. அநீதி செய்யவும் வேண்டா, அநீதிக்கு ஆளாகவும் வேண்டா என்பது கருத்து. அரபு மொழியில் இந்த இரண்டு வினைகளுக்கும் மெய்யெழுத்துகள் ஒன்றே. உயிரொலி மட்டுமே மாறுகிறது. செய்பவனும் படுபவனும் ஒரே எழுத்துக் கூட்டில் அடங்கிவிடுகிறார்கள். இன்று செய்பவன் நாளை படுபவன் ஆவதற்கு ஓர் உயிரொலி மாற்றம் போதும் என்று மொழியே சொல்லாமல் சொல்கிறது. தமிழில் இதைத் தனிச்சொல் சேர்த்தே சொல்ல முடிகிறது.

சிவந்தவனும் கறுத்தவனும்

இப்போது நம் மாணவனின் கேள்விக்கு விடை சொல்லலாம். உரையில் வெள்ளையன் என்ற சொல் இல்லை! அகமதுவின் தொகுப்பில் உள்ள சொல் 'அஹ்மர்'. அதன் பொருள் சிவந்தவன். அதற்கு எதிரே நிற்பது 'அஸ்வத்', கறுத்தவன். வெளிர்நிறத்தாரைச் சிவந்தவர் என்பது பழைய அரபு வழக்கு. ஆங்கிலத்தில் ஆக்கியோர் தம் வழக்கப்படி அதை வெள்ளையன் ஆக்கினர். அந்த ஆங்கிலத்தின் நிழல் நம் துண்டு வெளியீட்டிலும் விழுந்திருக்க வேண்டும்.

தமிழர் இதற்கு ஆங்கிலத்தின் வாயிலில் நிற்கவே தேவையில்லை. நம் வீடுகளில் என்ன சொல்கிறோம்? பெண் சிவப்பாக இருக்கிறாள் என்கிறோம். பிள்ளை சிவப்பாகப் பிறந்தான் என்று மகிழ்கிறோம். வெளிர்நிறத்தைச் சிவப்பென்னும் வழக்கு அரபுக்கும் தமிழுக்கும் பொது. அதனால் இந்தத் தொடர் எங்கோ கடல் கடந்த வெள்ளையரைச் சுட்டுவதாக எண்ணி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து மாப்பிள்ளை பார்க்கும் நம்மையே அது சுட்டுகிறது. சரியான சொல் தைக்கும். தவறிய சொல் தப்பவிடும். மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லுக்காக வாதாடுவது வீண்வேலை அன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

அந்தப் பகுதியின் கட்டமைப்பையும் காணுங்கள். உங்கள் இறைவன் ஒருவன், உங்கள் தந்தை ஒருவர் என்று தொடங்குகிறது. அரபுக் குலங்களின் பெருமையெல்லாம் வமிசாவளியில் இருந்தது. எம் பாட்டனார் இன்னார், அவர் பாட்டனார் இன்னார் என்று ஏணி ஏறுவர். நாயகம் அந்த ஏணியைப் பிடுங்கவில்லை. ஏறுங்கள், இன்னும் ஏறுங்கள் என்கிறார். உச்சியில் போய்ப் பார்த்தால் எல்லோர்க்கும் ஒரே தந்தை! பிறப்புப் பெருமையைப் பிறப்பின் கணக்காலேயே வீழ்த்தும் இந்த வாதத்துக்கு ஈடு சொல்வது அரிது.

பிறகு மறுப்பு வருகிறது. அரபியனுக்கு அரபியல்லாதவனைவிட உயர்வில்லை. அரபியல்லாதவனுக்கு அரபியனைவிடவும் இல்லை. சிவந்தவனுக்கும் கறுத்தவனுக்கும் அவ்வாறே இருபுறமும். அரபியல்லாதவர்க்கு 'அஜம்' என்று பெயர். தெளிவாகப் பேசத் தெரியாதவர் என்பது அதன் வேர்ப்பொருள். மொழிச் செருக்கில் பிறந்த சொல். அந்தச் செருக்குச் சொல்லையே எடுத்து, அதன் நச்சுப்பல்லைப் பிடுங்கிவிட்டு வைக்கிறார். இங்கே வரும் எதிர்மறை, அரபு இலக்கணத்தார் இனம் முழுவதையும் மறுப்பது என்று கூறும் வகையினது. சிறிது உயர்வு, பெரிது உயர்வு என்ற பேச்சே இல்லை. எவ்வகை உயர்வும் இல்லை.

ஒரே ஒரு விலக்கு: 'தக்வா'. இறையச்சம் என்று மொழிபெயர்ப்பர். தன்னைக் காத்துக்கொள்ளல் என்பது வேர்ப்பொருள். இந்த விலக்கின் வழியே மீண்டும் ஒரு மேல்சாதி நுழைந்துவிடாதா என்று ஐயுறலாம். நாமும் ஐயுற்றோம். ஆனால் தக்வாவை எவனும் தந்தையிடமிருந்து பெறமுடியாது. மகனுக்கு எழுதி வைக்கவும் முடியாது. அதை அளக்கும் கோல் மனிதன் கையில் இல்லை. தானே பெரியவன் என்று சொல்லத் தொடங்கியவன் அந்த நொடியிலேயே அதை இழக்கிறான்.

நாம் தயங்கிய இடம்

போற்றுவது மட்டும் திறனாய்வு ஆகாது. பெண்களைப் பற்றிய பகுதியில் நாம் தயங்கினோம். பெண்கள் வகையில் இறைவனை அஞ்சுங்கள் என்று ஆடவர்க்கு எச்சரிக்கை தருகிறது அது. உங்களுக்கு அவர்கள்மீது உரிமை உண்டு. அவர்களுக்கு உங்கள்மீது உரிமை உண்டு என்று தராசின் இரு தட்டையும் காட்டுகிறது. பெண்ணுக்கு உரிமை என்ற சொல்லே அரிதாயிருந்த உலகில் இது சிறிய செயல் அன்று. உணவும் உடையும் முறைப்படி தருவது ஆடவனின் கடமை என்றும் விதிக்கிறது.

ஆயினும் இலக்கணத்தைப் பாருங்கள். இங்கே 'நீங்கள்' என்பது ஆடவர். 'அவர்கள்' என்பது பெண்கள். இருவரைப் பற்றியும் பேச்சு, ஒருவரிடமே பேச்சு. கடுமையாக அன்றி அடிக்கலாம் என்னும் இசைவும் அந்தப் பகுதியில் இருக்கிறது. அறிஞர் பலர் அதற்கு வரம்பு கட்டியும், அதைச் சுருக்கியும் விளக்கம் தந்திருக்கின்றனர். அதை மறைத்துவிட்டு நயம் மட்டும் பாராட்டுவது நம் கடமைக்கு இழுக்கு. துண்டு வெளியீடு அதை விட்டுவிட்டது, நாம் விடமாட்டோம். முன்னிலையில் நிற்க வேண்டிய ஒருவர் படர்க்கையில் நிற்கிறார் என்பதை நம் மாணவியர் கேட்டால் என்ன சொல்வது? உண்மையைச் சொல்வதே நன்று.

அதே அணி, வேறு கை

உரையின் பெருமை அணியில் இல்லை, அது யாரை முதலில் கட்டுகிறது என்பதில் இருக்கிறது என்றோம். இதற்கு வரலாறே ஒரு சோதனை வைத்தது.

மினாப் பேச்சை அறிவித்த அபூ பக்ராவுக்கு, ஒரே தாயின் வயிற்றில் பிறந்த தம்பி ஒருவர். பெயர் ஸியாத். கி. பி. 665இல் முஆவியாவின் ஆளுநராகப் பஸ்ராவுக்கு வந்தார். வந்ததும் பேசினார். இறைவனைப் புகழ்ந்து தொடங்கும் மரபை விட்டதால், அவருடைய உரைக்குப் 'பத்ரா', அதாவது வாலறுந்தது, என்று பெயர் வந்தது. அரபு உரைநடையின் சிறந்த மாதிரிகளுள் ஒன்றாக அதைப் புலவர்கள் இன்றும் போற்றுவர். என்ன சொன்னார்? நீரில் மூழ்கடித்தவனை மூழ்கடிப்போம். தீ வைத்தவனைத் தீயில் இடுவோம் என்ற போக்கில் இணை இணையாக அடுக்கினார். ஊரைவிட்டுப் போனவனுக்காக ஊரில் இருப்பவனையும், மீறியவனுக்காகப் பணிந்தவனையும் பிடிப்பேன் என்றார். இரவில் தெருவில் கண்டால் தலை போகும் என்றார்.

இணைத்தொடர்கள் இங்கும் உண்டு. குறுமை உண்டு, கூர்மை உண்டு, ஓசை பேருரையைவிட மிகுதியும் உண்டு! ஆனால் குற்றம் செய்தவன் தனக்கே செய்துகொள்கிறான், ஒருவன் குற்றத்தை இன்னொருவன் சுமக்கமாட்டான் என்பது நாயகத்தின் இறுதி ஹஜ்ஜுப் பேச்சுகளில் உள்ள கருத்து. முப்பத்து மூன்று ஆண்டுகளில் அது தலைகீழானது. நாயகத்தின் உரையில் முதலில் இழந்தது பேசியவரின் குடி. ஸியாதின் உரையில் முதலில் இழக்க வேண்டியது கேட்டவனின் தலை. தடையறியாமல் இரவில் ஊருக்குள் வந்த நாட்டுப்புறத்தான் ஒருவன் பிடிபட்டபோது, அவன் சொல்வது மெய் என்று நம்பியும் கொல்லச் செய்தார் என்று தபரியின் வரலாறு கூறுகிறது.

அந்தக் கூட்டத்தில் அபூ பிலால் மிர்தாஸ் என்பவர் எழுந்தார். ஒருவர் சுமையை இன்னொருவர் சுமப்பதில்லை என்ற திருக்குர்ஆன் கருத்தை அடங்கிய குரலில் எடுத்துக் காட்டினார் என்று எழுத்தாளர் ஜாஹிஸ் குறித்து வைத்தார். பஸ்ராவின் ஆளுநர் முன் அந்த அடங்கிய குரலுக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும்! அழகிய உரையைக் கேட்டுக் கைதட்டுவோர் ஆயிரவர். அழகிய உரையின் அநீதியைக் கேட்டு எழுந்தவர் ஒருவர்.

மேடைப் பேச்சை உயிரெனக் காதலிக்கும் நமக்கு இதில் பாடம் உண்டு. பேச்சாளர் அடுத்த முறை அடுக்கும்போது, எதுகையை எண்ணாதீர்கள். யாருடைய வட்டி முதலில் போகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

வராதவருக்குச் சொல்லுங்கள்

அரஃபாத்தில் அவர் முடிவில் ஒரு கேள்வி கேட்டார். என்னைப் பற்றி உங்களிடம் வினவப்படும்போது என்ன சொல்வீர்கள்? எடுத்துச் சொன்னீர், கடமையாற்றினீர், நலமே நாடினீர் என்றார்கள். சுட்டுவிரலை வானுக்கு உயர்த்தி, மக்களை நோக்கித் தாழ்த்தி, இறைவனே சான்று என மும்முறை கூறினார். பேச்சாளர் தம்மையே கேட்போரின் தீர்ப்புக்கு உட்படுத்திய முடிவு அது.

மினாவில் இன்னொன்றும் சொன்னார். வந்தவர் வராதவருக்கு எடுத்துச் சொல்லட்டும். கேட்டவரைவிடச் சொல்லக் கேட்பவர் நன்றாகப் பேணக்கூடும் என்றார். பிற்காலத்தவர் முற்காலத்தவரைவிட நன்றாக உணரக்கூடும் என்று தம் உரையிலேயே இடம் வைத்துச் சென்ற தலைவர் எத்தனை பேர்?

நாம் வராதவர்கள். நம் மாணவனும் வராதவன். அவனிடம் சென்று, "தம்பி, வெள்ளைக்காரன் அல்ல, சிவப்பு என்று நம் வீட்டில் சொல்கிறோமே, அந்தச் சிவப்பு" என்றோம். அவன் தன் கறுத்த கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். போட்டியன்று அந்த இடத்தில் அவன் குரலை உயர்த்தவில்லை. மெல்லச் சொன்னான். கடைசி வரிசைவரை கேட்டது.